காத்து, புகை, தண்ணி

மலேசியாவின் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய ரோட்டில், லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், இடப்பக்கம் திரும்பும் ஒரு செங்குத்தான வளைவு உண்டு. ஓரத்தில் ஓர் ஓராங் அஸ்லி (பூர்வகுடி) குடும்பம் பெத்தாய்க் காய்க் கொத்துகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும். 2016இல் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, என் யமஹா எல்சி 135 மோட்டார்சைக்கிள் அங்கேதான் ஜேம் ஆனது.

முன்னால் கோழி எரு ஏற்றிய லோரி. முந்த வழியில்லை. இரண்டாம் கியரில், திராட்டலைப் பாதிக்குமேல் முறுக்கியபடி இருபது நிமிடமாக அதன் பின்னாலேயே ஏறிக்கொண்டிருந்தேன். முதலில் எஞ்சினுக்குள் யாரோ கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம். பிறகு நான் முறுக்க முறுக்க வண்டி பின்னுக்கு இழுத்தது. பின்சக்கரம் கிரீச்சென்று தேய்ந்து நின்றது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். இறங்கிப் பார்த்தால் ரேடியேட்டர் மூடியோரம் ஆவி சீறுகிறது. கிக்கரை மிதித்தேன். கல்லில் பதித்த கம்பிபோல் அசையவே இல்லை.

பெத்தாய் விற்ற அம்மா ஒரு போத்தல் தண்ணீரை நீட்டினார். நான் மூடியைத் திறக்கக் கை வைத்ததும் வேண்டாம் வேண்டாம் என்று பதறிக் கையைத் தட்டிவிட்டார். அந்த ஒரு தட்டலால் என் முகம் வேகாமல் பிழைத்தது. கோசு ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கிய லோரிக்காரர் ஒருவர், நம்மவர், வண்டியையும் என்னையும் தாப்பா வரை ஏற்றிவந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டு வாசலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியபோது அப்பா திண்ணையில் இருந்தார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. குனிந்து ரேடியேட்டரைப் பார்த்தார். கூம்பு வடிவ ஏர் பில்டரைப் பார்த்தார். பெரிய வாய் எக்சோசைப் பார்த்தார்.

“காத்தத் தொறந்து விட்டுட்டே. பொகையத் தொறந்து விட்டுட்டே. சரி. தண்ணிய யாரு பாத்தா?”

அப்பா இருபத்தெட்டு வருடம் தோட்டத்து எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்த்தவர். செம்பனைக் குலையைப் பிழிந்தபின் மிஞ்சும் நாரும் ஓடும்தான் அந்த அடுப்புக்கு விறகு. நீராவி சுமார் 20 பார் அழுத்தத்தில் கிளம்பி டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தரும். பிறகு 3 பார் அளவுக்கு இறங்கி, அடுத்த லோடு குலைகளை அவிக்கப் போகும். அந்த அடுப்புக்குக் காற்றை ஊத ஒரு விசிறி, புகையை இழுத்துப் புகைக்கூண்டில் தள்ள இன்னொரு விசிறி. இரண்டும் ஒன்றுக்கொன்று கணக்காக ஓட வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலே, தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய். ஷிப்ட் மாறி உள்ளே போகிறவர் யாருக்கும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் அந்தக் கண்ணாடியைத்தான் பார்ப்பார். நெருப்பு எரியும்போது தண்ணீர் கீழே போய்விட்டால் உள்ளே குழாய்கள் வெந்துபோகும். அதற்குமேல் நடந்தால் செய்தித்தாளில்தான் படிக்க வேண்டியிருக்கும்.

சின்ன வயதில் சோறு கொண்டுபோய்க் கொடுக்கும்போது இதையெல்லாம் எனக்குக் காட்டியிருக்கிறார். என் கால்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்ததும் ஓர் அடுப்புதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எல்சி 2006இல் இங்கே வந்த வண்டி. பெயரிலுள்ள இரண்டு எழுத்தே தண்ணீரால் குளிர்விக்கப்படுவது என்று சொல்கிறது. அதுவரை நம் ஊர் கப்சாய்களில் (சின்ன மோட்டார்சைக்கிள்களில்) பெரும்பாலானவை, இஎக்ஸ்5 ஆகட்டும் கிரிஸ் ஆகட்டும், சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் காற்றுப் பட்டுக் குளிர்பவை. எங்கள் தோட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு இஎக்ஸ்5 இருந்தது. மண்ரோட்டில் குலையேற்றும் இடத்துக்கும் போகும், தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்கும் போகும். அதைப் பார்த்து வளர்ந்தவன், பழைய எல்சி ஒன்று கையில் வந்ததும் அதைக் கப் பிரிக்ஸ் வண்டியாக மாற்றப் பார்த்தேன். 1994இல் தொடங்கிய அந்தப் பந்தயம் எங்கள் வயதுப் பையன்களின் கண்ணில் கப்சாய்க்கு ஒரு கௌரவத்தைக் கொடுத்திருந்தது. மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து 28 மில்லிமீட்டர் கார்ப்பரேட்டர், கூம்பு பில்டர், தடித்த குழாய் எக்சோஸ். ரேடியேட்டருக்கு என்ன வேண்டியிருக்கிறது? அது வெளியே தெரிவதில்லை, சத்தமும் போடுவதில்லை.

மறுநாள் போர்மேன் கடையில் எஞ்சினைப் பிரித்தோம். (மெக்கானிக்கை இங்கே போர்மேன் என்றுதான் சொல்வோம், வெளியூர் வாசகர்களுக்காக.) போர்மேன் அண்ணன் முதலில் கையில் எடுத்தது ஸ்பார்க் பிளக்கை. அதன் பீங்கான் மூக்கு பழுப்பாக இருந்தால் கலவை சரி, கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம். என்னுடையது முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக இருந்தது. பெட்ரோல் போதாமல் காற்று மட்டும் ஏராளமாகப் போயிருக்கிறது.

ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். முழு பலம் வேண்டுமென்றால் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டி 12.5, 13 பங்கு காற்றில் ஓட்டுவார்கள். கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே சூட்டையும் சற்றுத் தணிக்கும். கார்ப்பரேட்டரில் பெட்ரோலை மேலே இழுப்பது காற்றின் உறிஞ்சல்தான். பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பை மாட்டினால் அந்த உறிஞ்சல் குறையும், பெட்ரோலும் குறையும். வாயகன்ற கார்ப் போட்டால் காற்றின் வேகம் தளர்ந்து இன்னும் குறையும். பெட்ரோல் அளவை முடிவு செய்யும் துளையான மெயின் ஜெட்டை மாற்றி அதை ஈடுகட்டியிருக்க வேண்டும். நான் கடையில் வாங்கிய கார்ப்பை அப்படியே மாட்டினேன். புதுக் கார்ப் என்றால் அளவெல்லாம் பார்த்துத்தானே வைத்திருப்பார்கள் என்ற நினைப்பு.

மலை ஏறினால் காற்று மெலியுமே, பெட்ரோல்தானே கூடும் என்று நண்பன் ஒருவன் கேட்டான். கேள்வி சரி. தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 84 விழுக்காடுதான். கார்ப் வண்டி அங்கே கொஞ்சம் கரியாகத்தான் ஓடும். ஆனால் நான் அவ்வளவு தூரம் போகவே இல்லையே. நின்றது பாதி மலையில், புழுக்கத்தில், லோரியின் சூட்டுக்குப் பின்னால்.

பில்டர் பெட்டியைப் பற்றி எனக்கு இருந்த அலட்சியம் இப்போது வெட்கமாக இருக்கிறது. 134 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 8,500 சுற்று ஓடினால் 4,250 முறை மூச்சிழுக்கிறது. கணக்குப் போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 570 லிட்டர் காற்று. தோட்டத்து எண்ணெய் டிரம் ஏறத்தாழ மூன்றின் கொள்ளளவு, ஒரே நிமிடத்தில். அந்த இழுப்பு ஒரே சீராக இருப்பதில்லை, துடித்துத் துடித்து வரும். பெட்டிக்குள் இருக்கும் காற்று அந்தத் துடிப்பை வாங்கிச் சமப்படுத்துகிறது. அதன் மூக்கும் எஞ்சின் சூடு படாத இடத்திலிருந்து காற்றை எடுக்கிறது. என் கூம்பு பில்டர் எஞ்சினுக்கு மேலே, வெப்பம் எழும் வழியிலேயே உட்கார்ந்திருந்தது. 30 டிகிரி காற்றுக்குப் பதில் 60 டிகிரி காற்றை இழுத்தால் அதே கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு காற்று குறைந்துவிடும். பலத்துக்காகச் செலவழித்து, மெதுவாக ஏறும் மலையில் பலத்தை இழந்திருக்கிறேன்.

தூசி இன்னொரு கதை. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் குலை லோரி ஒன்று முன்னால் போனால் பின்னால் வருகிறவனின் இமைமயிர் சிவந்துவிடும். அந்தப் புழுதியில் மணல்துகள் கலந்திருக்கிறது. எண்ணெயோடு சேர்ந்தால் அது வால்வைத் தீட்டும் பசைக்கு ஒப்பானது. மலிவு கூம்பின் துணியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் அண்ணன். ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிந்தது. அந்த மூன்று மாதத்தில் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்த தேய்மானம் மூன்று வருடத்துக்கானது என்றார். நகர ரோட்டில் ஓட்டுகிறவர்கள் திறந்த பில்டர் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள். தோட்டத்து ரோட்டில் தினமும் ஓட்டுகிறவர்கள் பெட்டியைக் கழற்றவே கூடாது என்பது என் உறுதியான முடிவு.

எக்சோசுக்கு வருகிறேன். எஞ்சினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் வேண்டும் என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். அழுத்தம் எதற்கும் வேண்டியதில்லை, வேண்டியது ஓட்டத்தின் வேகம். வெளியேற்றும் வால்வு திறந்ததும் சூடான வாயு ஓர் அலையாகக் குழாயில் ஓடுகிறது. குழாய் திடீரென்று அகலும் இடத்தை அடைந்ததும் அந்த அலை உறிஞ்சும் அலையாக மாறித் திரும்புகிறது. இரண்டு வால்வுகளும் சற்றே திறந்திருக்கும் நொடியில் அது வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை இழுத்து வெளியே தள்ளி, புதுக் காற்று உள்ளே வரவும் உதவும். குழாயின் நீளமும் விட்டமும் எந்தச் சுற்றில் அந்த உதவி கிடைக்கும் என்பதை முடிவு செய்கின்றன. தடித்த குழாயில் வாயு சோம்பிப்போகும். மேல் சுற்றில் ஒருவேளை லாபம் வரலாம், மலையேற வேண்டிய நடுச் சுற்றில் நஷ்டம்தான். என் குழாயின் வாய் சிலிண்டர் தலையின் வாயோடு பொருந்தவும் இல்லை. நடுவிலிருந்த கேஸ்கெட் கிழிந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. திராட்டலை விடும்போதெல்லாம் பட் பட்டென்று வெடித்ததற்கு அதுதான் காரணம். நான் அதை ரேஸ் வண்டிச் சத்தம் என்று ரசித்துக்கொண்டிருந்தேன்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாகன இரைச்சலுக்கு 1987இலேயே விதிமுறை வந்துவிட்டது. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பிடித்தால் சம்மன் நிச்சயம். அதைவிட என்னை உறுத்துவது லயத்து வீடுகள், தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டியவை. விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்குமுன் ஆள் கணக்கெடுப்புக்கு) போக வேண்டியவர்கள் ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுவார்கள், ஒற்றைப் பலகைச் சுவர். அங்கே நான் இரவு பதினொரு மணிக்கு வந்து சேர்ந்திருக்கிறேன், எத்தனையோ நாள்.

இனி தண்ணீர்.

பெட்ரோலில் உள்ள சக்தியில் சக்கரத்துக்கு வருவது அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு. அதேயளவு எக்சோசில் போகிறது, மீதியில் பெரும்பங்கு எஞ்சின் உடம்பில் சூடாகத் தங்குகிறது. எல்சியின் உச்ச பலம் சுமார் 8 கிலோவாட். அப்படியென்றால் முழு முறுக்கில் ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டிய சூடும் ஏறத்தாழ அவ்வளவு. எட்டு இஸ்திரிப் பெட்டிகளை ஒன்றாகச் சூடாக்கி அந்தச் சின்ன ரேடியேட்டருக்குள் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். வேகமாகப் போனால் எதிர்க்காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். லோரிக்குப் பின்னால் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது எதிர்க்காற்று ஏது? என் வண்டியில் விசிறியும் இல்லை.

ரேடியேட்டரைக் கழற்றியபோது அதன் தகடுகளுக்கு இடையில் செம்மண் செங்கல்போல் இறுகியிருந்தது. முக்கால்வாசி அடைப்பு. உள்ளேயிருந்து வந்தது கூலன்ட் இல்லை, காப்பிக் கலரில் துருத்தண்ணீர். முன்பு குறைந்தபோதெல்லாம் நான் குழாய்த்தண்ணீர்தான் ஊற்றியிருந்தேன். சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர் உண்மையில் கூலன்ட் கலவையைவிடக் கெட்டிக்கார வஸ்து. ஆனால் அது 100 டிகிரியில் கொதித்துவிடும், அலுமினியத்தை அரிக்கும், குழாய்த்தண்ணீரில் உள்ள உப்புகள் சுவரில் படிந்து போர்வையாகிவிடும். கூலன்டின் மூலப்பொருளான கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கலவை சாதாரண அழுத்தத்திலேயே சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். அதன்மேல் 1.1 பார் மூடி இறுக்கமாக உட்கார்ந்தால் 125 டிகிரிக்கும் மேலே தாங்கும். நமக்குப் பனி உறையும் கவலை இல்லாததால் கூலன்ட் எதற்கு என்று நினைக்கிறோம். வெயில் நாட்டில் அதன் வேலை கொதிக்காமல் இருப்பதும் துருப்பிடிக்காமல் காப்பதும்.

அந்த மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. அதனால் அழுத்தமே நிற்கவில்லை. தண்ணீர் கொதித்து ஆவியாகி, பம்புக்குள் காற்று புகுந்து, பம்பு வெறும் நுரையைக் கடைந்துகொண்டிருந்திருக்கிறது. 54 மில்லி விட்டமுள்ள அலுமினியப் பிஸ்டன் 100 டிகிரி கூடினால் சுமார் 0.12 மில்லி பருக்கும். அதற்கும் சிலிண்டருக்கும் இடையில் உள்ள இடைவெளியோ, ஒரு மில்லியை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு சில பங்கு. சிலிண்டரும் சூட்டில் விரியும், ஆனால் பிஸ்டன் அதைவிடச் சூடாகிப் பருத்தது. எண்ணெய்ப் படலம் கிழிந்து உலோகம் உலோகத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்குமுன் நான் கேட்ட கூழாங்கல் சத்தம் நாக்கிங். 10.9க்கு 1 அமுக்கமுள்ள எஞ்சின், வறண்ட கலவை, வெந்த தலை. பெட்ரோல் தன்னிஷ்டத்துக்கு வெடித்திருக்கிறது.

எல்சியின் கம்பெனி பிளாக்கில் இரும்பு ஸ்லீவ் கிடையாது. சிலிக்கன் கலந்த கடின அலுமினியத்தையே சுவராக வைத்திருக்கிறார்கள். சூட்டை வேகமாகக் கடத்தும், ஆனால் கீறிவிட்டால் பழைய வண்டிகள்போல் சுலபமாகச் சிலிண்டரைக் குடைந்து (போர் போட்டு) அடுத்த சைஸ் பிஸ்டன் மாட்ட முடியாது.

“57 போடுறியா, 62 போடுறியா?” என்றார் அண்ணன். 57 மில்லி பிஸ்டன் போட்டால் ஏறத்தாழ 150 சிசி, 62 போட்டால் 177. வண்டியின் பதிவுக் கார்டில் இருப்பது 135.

“அப்பாவக் கேட்டுட்டுச் சொல்றேண்ணே.”

கேட்டேன். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, “இருக்கிற அடுப்பயே பாக்கத் தெரியல, பெரிய அடுப்பு எதுக்கு?” என்றார். வலித்தது. ஆனால் பேச்சில் பிழையில்லை. கம்பெனி அளவு பிளாக்கும் பிஸ்டனும் வாங்கினேன்.

இந்த முறை வேலையைத் தண்ணீரிலிருந்து தொடங்கினோம். ரேடியேட்டரைச் சோப்புத்தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, மெல்லிய தண்ணீர்ப் பாய்ச்சலில் பின்பக்கத்திலிருந்து கழுவினோம். அழுத்தக் குழாயை நேராக அடித்தால் தகடுகள் மடங்கி அடைப்பு நிரந்தரமாகிவிடும், கார் கழுவும் கடையில் பலர் செய்யும் தப்பு இது. பம்பு சீல் புதிது, மூடி புதிது, ஓஸ் புதிது. காய்ச்சி வடித்த தண்ணீரில் பாதிக்குப் பாதி கூலன்ட். ஊற்றியபின் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஓஸை அமுக்கி அமுக்கி உள்ளிருந்த குமிழ்களை வெளியேற்றினோம். கடைசிக் குமிழ் வர முக்கால் மணி நேரம் ஆனது. முன்னால் கம்பிவலை, பின்னால் 95 டிகிரியில் தானே சுற்றத் தொடங்கும் சின்ன விசிறி, ஹேண்டிலில் சூடு காட்டும் மீட்டர். மின்யாக் ஈத்தாம் (எஞ்சின் எண்ணெய்) மோட்டார்சைக்கிளுக்கான ஜாசோ எம்ஏ முத்திரை உள்ளதுதான், கிளட்சும் அதே எண்ணெயில் நனைவதால் கார் எண்ணெய் ஊற்றினால் வழுக்கலாம். எண்ணெயும் சூட்டைச் சுமக்கிறது. பிஸ்டனின் அடிவயிற்றைக் குளிர்விப்பது பெரும்பாலும் அதுதான்.

அதன்பிறகே காற்று. பில்டர் பெட்டி திரும்பி வந்தது. அதற்கும் கார்ப்புக்கும் நடுவிலுள்ள ரப்பரில் வெடிப்பு இருந்ததால் அதையும் மாற்றினோம். 28ஐ விற்றுவிட்டுப் பழைய கார்ப்பையே கழுவி மாட்டினேன். கடைசியாகப் புகை. சன்னமான குழாய், உள்ளே துளையிட்ட உருளையைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு சுற்றிய சைலன்சர், வாய்க்கு வாய் சரியாகப் பொருந்தியது. ஓட்டம் கொஞ்சம் லேசானதால் மெயின் ஜெட்டை ஒவ்வொரு படியாகக் கூட்டிப் பார்த்தோம். முழு முறுக்கில் ஓட்டி, அப்படியே எஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்து நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பீடோர் பக்கம் ஆளில்லாத நேர்ரோட்டில் நான்கு தடவை செய்தோம். மூன்றாவது ஜெட்டில் பீங்கான் மூக்கு பால்டீ நிறத்துக்கு வந்தது. அண்ணன் அதைத் துடைத்து என் சட்டைப் பையில் போட்டார்.

உச்ச வேகம் எவ்வளவு கூடியது என்று கேட்பவர்களுக்கு: பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் நடுச் சுற்றில் வண்டி இழுக்கும் இழுப்பு கையில் தெரிகிறது. மூன்றாம் கியரில் ஏறாத மேடுகள் இப்போது ஏறுகின்றன. மாலை நான்கு மணி வெயிலிலும் காலை ஏழு மணிக்கு ஓடுவதுபோலவே ஓடுகிறது, அதுதான் எனக்குப் பெரிய லாபமாகப் படுகிறது.

எஞ்சினை ஆயிரம் கிலோமீட்டர் பதமாக ஓட்டிய பிறகு மறுபடி மலைக்குக் கிளம்பினேன். அப்பா கேட்காமலேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். எழுபத்திரண்டு கிலோ கூடுதல் சுமை, சரியான பரீட்சை. அன்றும் ஒரு லோரி முன்னால் மாட்டியது. மீட்டர் 88, 91, 94 என்று ஏறியது. 95இல் விசிறி முனக ஆரம்பித்தது. 97 வரை போய் நின்று, மெல்ல 93க்கு இறங்கியது. அப்பா என் தோளுக்குமேல் கழுத்தை நீட்டி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார், கண்ணாடிக் குழாயைப் பார்ப்பதுபோல. அந்த வளைவில் நிறுத்தி, பெத்தாய் அம்மாவிடம் இரண்டு கொத்து வாங்கினோம். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. வண்டியைத்தான் முதலில் குனிந்து பார்த்தார்.

அன்று இரவு அப்பா ஆலையிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய லாக் புத்தகம் ஒன்றை எடுத்து, எழுதாத பக்கங்களில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். தேதி, கிலோமீட்டர், தண்ணீர் மட்டம், எண்ணெய், பில்டர், மேட்டில் சூடு. பாய்லருக்கு எழுதிய அதே கட்டங்கள், அதே சாய்ந்த கையெழுத்து. இன்றும் ஒவ்வொரு ஞாயிறும் எஞ்சின் ஆறிய பிறகு டார்ச் அடித்துக் கூலன்ட் ரிசர்வ் டாங்கியைப் பார்க்கிறார். போன வாரப் பக்கம் இப்படி இருக்கிறது: தண்ணி மேல் கோட்டுக்கு ஒரு விரல் கீழே. எண்ணெய் சரி. பில்டர் தூசி, தட்டிப் போட்டாச்சு. மேட்டில் 96. விசிறி சத்தம் கூடுது, பேரிங் பாக்கணும்.